இரண்டு புள்ளி

மில் ஃபிட்டர் சாக்கை லேத் பட்டறை மேஜைமேல் இறக்கியபோது இரண்டு சத்தம் கேட்டது. உள்ளே இருப்பது ஒரே துண்டாக இருந்தால் ஒரு சத்தம்தான் வந்திருக்கும். அவள் எழுதிக்கொண்டிருந்த அளவு நோட்டை மூடிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். வாசலில் கால் வைக்கும்போதே "டிப்பு அக்கா, டீ உண்டா?" என்று கேட்டுக்கொண்டே வருகிறவன், இன்றைக்கு மேஜையைப் பார்த்தபடி நின்றான்.

"அண்ணன் எங்கக்கா?"

"பின்னாடி மோட்டாரைப் பாத்துக்கிட்டு இருக்காரு. என்ன இது?"

அவன் சாக்கின் வாயை அவிழ்த்தான். நான்கு மாதத்துக்கு முன்னால் இதே மேஜையில் வைத்து எண்ணெய் தடவி, காகிதம் சுற்றி, பச்சைக் குழந்தையைக் கொடுப்பதுபோல் அவன் இரண்டு கையிலும் அவள் கொடுத்தனுப்பிய ஷாஃப்ட். மில்லின் சரக்கு லிஃப்டில் கம்பிக்கயிறு சுற்றுகிற உருளையைத் தாங்கும் தண்டு. தடித்த பகுதி முடிந்து மெலிந்த பகுதி தொடங்குகிற படியில், சரியாக அந்த மூலையில், நறுக்கி வைத்ததுபோல் இரண்டாகியிருந்தது.

"முந்தாநாள் மத்தியானம். ரெண்டாவது மாடியைத் தாண்டிப் போய்க்கிட்டு இருந்துச்சு. மூட்டையோட அப்படியே கீழ வந்துடுச்சு. நம்ம லோடுமேன் கீழ நின்னுக்கிட்டு இருந்தான்." ஃபிட்டர் தன் முழங்காலுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினான். "இடது காலு. இதோட எடுத்துட்டாங்க."

அவள் உடைந்த முகத்தைப் பார்த்தாள். பாதிக்கு மேல் வழவழப்பாக, கிளிஞ்சலின் முதுகில் இருப்பதைப்போல் வளைந்து வளைந்து கோடுகள். ஒரு ஓரத்தில் மட்டும் சர்க்கரையை உடைத்ததுபோல் சொரசொரப்பு. அந்த ஓரம்தான் முந்தாநாள் உடைந்தது. மற்றதெல்லாம் அதற்கு முன்னால், ஒவ்வொரு நாளும் ஒரு முடி அளவு, யாருக்கும் கேட்காமல் உடைந்துகொண்டே வந்திருக்கிறது.

"எங்க, குடு," என்று குரல் கேட்டது. டர்னர் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. துணியில் கையைத் துடைத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் நின்றார். அவள் கணவரைத் தெருவில் எல்லோரும் டர்னர் என்றுதான் கூப்பிடுவார்கள். இருவரும் தனியாக இருக்கும்போது அவளும் விளையாட்டுக்கு அப்படிக் கூப்பிடுவது உண்டு. தடித்த துண்டை வாங்கி, முகத்தைச் சற்றே பக்கவாட்டில் திருப்பி, கோழி தரையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டு, கட்டைவிரல் நகத்தை மூலையில் வைத்து மெதுவாக ஒரு சுற்று ஓட்டினார்.

"யாரும் உங்களைத் தப்பு சொல்லலண்ணே," என்றான் ஃபிட்டர். "இன்ஜினீயர் காட்டிட்டு வரச் சொன்னாரு, அவ்வளவுதான். லோடும் கூடத்தான் ஏத்தியிருக்காங்க. எத்தனை மூட்டைன்னு கேட்டா மேஸ்திரி வாயில கொழுக்கட்டையை வச்சிருக்கான்."

"டிராயிங்ல மூலைக்கு என்ன போட்டிருந்துச்சு?"

கேள்வி அவளுக்கு. நோட்டைத் திறக்காமலே சொன்னாள். "பாயின்ட் எட்டு."

"இது பாயின்ட் நாலு," என்றார் டர்னர். துண்டை மேஜைமேல் வைத்தார். சத்தம் வராமல் வைத்தார். "டிப்பை மாத்திப் போட்டிருக்கேன். நான்தான்."

படியுள்ள ஷாஃப்டில் மூலை கத்திபோல் இருக்கக் கூடாது. துளி வளைவு வேண்டும். அந்த வளைவை யாரும் தனியாகச் செய்வதில்லை. கடைகிற டிப்பின் மூக்கு எவ்வளவு உருண்டையோ, அவ்வளவு உருண்டை மூலையில் தானாகவே விழும். கூர்மூக்கு டிப்பைப் போட்டால் மூலை கூராக நிற்கும். ஷாஃப்ட் சுற்றச் சுற்ற, பாரம் ஏற ஏற, இழுப்பெல்லாம் அங்கே போய்ச் சேரும். பாயின்ட் நாலுக்கும் பாயின்ட் எட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு மில்லிமீட்டரில் பாதிகூட இல்லை. கடை மேஜையில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கண் நன்றாக இருக்கிறவர்களுக்கே வித்தியாசம் தெரியாது.

ஃபிட்டர் போன பிறகு டர்னர் லேத்தின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். அவள் டிராயரைத் திறந்தாள். மூடியில் சிவப்பு நெயில் பாலிஷால் இரண்டு புள்ளி வைத்த டப்பாவை எடுத்தாள். பத்தில் இரண்டு செலவாகி எட்டு இருந்தன. எட்டிலும், நடுத்துளைக்குப் பக்கத்தில், அவளே வைத்த இரண்டு இரண்டு புள்ளி. டப்பாவைத் திருப்பி அடியில் அச்சடித்திருந்த எழுத்துகளைப் படித்தாள். கடைசி இரண்டு எண்கள் பூஜ்யம், நான்கு. இன்னொரு தடவை படித்தாள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் படித்தாள். பூஜ்யம் நான்குதான்.

அவர் சில அடி தள்ளித்தான் நின்றார். அப்போதே சொல்லியிருக்கலாம். "என்னங்க, இங்க பாருங்க" என்று ஆரம்பித்தால் மிச்சம் தானாக வந்திருக்கும். அவள் டப்பாவைத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். அந்தச் சின்னச் சத்தத்துக்கு அவர் திரும்பினார்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

தெருவில் இருக்கிற அத்தனை பட்டறையிலும் அவளுக்கு டிப்பு அக்கா என்றுதான் பெயர். கல்யாணமான புதிதில் அளவு எழுத உட்கார்ந்தவளிடம், லேத்துக்குக் கார்பைடு டிப் வாங்கி வருகிற வேலையும் வந்து சேர்ந்தது. நகத்தளவு சில்லுகள். முக்கோணம், சதுரம், சாய்சதுரம். முதலில் எல்லாம் ஒன்றுபோல்தான் இருந்தன. பிறகு டப்பாவின்மேல் ஓடுகிற எழுத்துகளையும் எண்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்துக்கொண்டாள்: இது வடிவம், இது சரிவு, இது அகலம், இது கனம், கடைசியில் இருப்பது மூக்கு. வார்ப்பிரும்புக்குப் போடுவதை எஃகுக்குப் போடக் கூடாது என்றும், மெல்லிசாகச் சீவுகிற வேலைக்கு முரட்டு டிப்பைப் போட்டால் இரும்பு நூல் நூலாக வந்து கையைச் சுற்றும் என்றும், உள்துளை கடைகிற பார் கம்பியைத் துளைக்குள் நுழைகிற மட்டும் தடிமனாகவும் வெளியே நீட்டுவது குறைவாகவும் எடுக்க வேண்டும் என்றும் தெரிந்துகொண்டாள். நீட்டினால் நடுங்கும். நடுங்கினால் வேலையின்மேல் மீன்செதில் மாதிரி வரி விழும். வேறு பட்டறைக்காரர்கள்கூட "ஒரு ஹோல்டர் எடுக்கணும், கூட வாங்கக்கா" என்று அழைத்துப் போவார்கள். டூல் கடைக்காரர் அவளைப் பார்த்ததும் பெருமூச்சு விடுவார்.

"அக்கா வந்துட்டாங்க. துணி எடுக்கற மாதிரி இருபது டப்பாவைப் பிரிச்சுப் போட்டுட்டு, கடைசில மொதல்ல காட்டுனதையே எடுத்துக்கிட்டுப் போவாங்க."

"மத்ததைப் பாக்காம மொதல்ல காட்டுனது நல்லதுன்னு எப்படித் தெரியும்? உங்க வீட்டுல அப்படித்தான் மத்ததைப் பாக்காம உங்களை எடுத்துட்டாங்க."

கடையே சிரிக்கும். கடைக்காரரும் சிரிப்பார். அப்படிப் பார்த்துப் பார்த்து எடுக்கிறவள் அவள்.

டர்னருக்குக் கண் மங்க ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகிறது. ஓரத்தில் எல்லாம் இருந்தது. நேராக எதைப் பார்த்தாரோ அதன்மேல் ஒரு புகை உட்கார்ந்துகொண்டது. எழுத்து போயிற்று, மைக்ரோமீட்டரின் கோடுகள் போயின, எதிரில் வருகிறவரின் முகம் போயிற்று. லேத் மட்டும் போகவில்லை. கைப்பிடியை எத்தனை சுற்று என்று எண்ணிக்கொள்வார், டிப் இரும்பைத் தொடுகிற சத்தத்தைக் கேட்பார், நிறுத்திவிட்டு விரலால் தடவுவார். "கண்ணு ஏமாத்தும், கை ஏமாத்தாது," என்பார். அளவு பார்ப்பது அவள் வேலையாயிற்று. ஒரு முடியளவு பெரிதாக இருந்தால் "சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு, அவர் சாப்பிடப் போன பிறகு எமரித் தாளால் தேய்த்துச் சரியாக்குவாள். சிறிதாகிவிட்டால் அதைப் பழைய இரும்புக் குவியலுக்குள் அடியில் சொருகிவிட்டு, "இன்னும் ஒண்ணு கூடக் கேட்டாங்க" என்பாள். அவர் இன்னொன்று செய்துகொடுப்பார். இதையெல்லாம் பொய் என்று அவள் நினைத்ததில்லை. தலையணை உறையை மாற்றுவதுபோல், வீட்டில் செய்கிற வேலைகளில் ஒன்று.

டிப்பில் புள்ளி வைப்பதும் அவள் யோசனைதான். பாயின்ட் நாலுக்கு ஒரு புள்ளி, பாயின்ட் எட்டுக்கு இரண்டு, அதற்கும் மேலே மூன்று. நெயில் பாலிஷ் காய்ந்தால் மேடு தட்டி நிற்கும். டிப்பைப் பிடிக்கிற ஹோல்டரில் வைத்துத் திருகுவதற்கு முன்னால் அவர் விரல்நுனியால் ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொள்வார். மகள் விடுமுறைக்கு வந்தபோது இதைப் பார்த்துவிட்டு, "அம்மா, அப்பாவோட டிப்புக்கெல்லாம் நெயில் பாலிஷ் போடுறே, உனக்கு ஒரு நாளாவது போட்டிருக்கியா?" என்று கேட்டாள். அதற்கு டர்னர், "அவ கை எனக்குத் தொட்டாலே தெரியும், புள்ளி எதுக்கு?" என்றார். மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அந்தத் தப்பு எந்த நாளில் நடந்தது என்று அவளுக்கு யோசிக்காமலே தெரிந்தது. அந்த ஷாஃப்ட் வேலைக்குச் சற்று முன்னால், கண் டாக்டர், போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று முடிவாகச் சொன்ன நாள். பட்டறைக்கு வந்து இருவரும் மேஜையருகே உட்கார்ந்திருந்தார்கள். அன்று காலையில் வாங்கிய இரண்டு டப்பா மேஜைமேல் இருந்தது. ஒன்று பாயின்ட் நாலு, ஒன்று பாயின்ட் எட்டு. ஒரே கம்பெனி, ஒரே நிறம். கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் அவள் நெயில் பாலிஷ் புட்டியைத் திறந்தாள். அப்போதுதான் அவர் பேச ஆரம்பித்தார். "ஒரு விதத்துல உனக்கு லாபம். உனக்கு இனிமே வயசே ஆகப் போறதில்ல. நான் கடைசியா நல்லாப் பாத்த மூஞ்சிதான் எனக்கு." அவள் தூரிகையைப் புட்டிக்குள் முக்கினாள். "அதுவும் அன்னிக்கு நீ தலைகூட வாரல. பேய் மாதிரி இருந்தே. அதோடதான் இனி நான் காலம் தள்ளணும்." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க வந்தது. அவர் விடவில்லை, டாக்டர் மாதிரி பேசிக் காட்டினார், டாக்டரிடம் அவள் மண்டையை மண்டையை ஆட்டியதை ஆட்டிக் காட்டினார். அவள் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே, டப்பாவைத் திருப்பிப் பார்க்காமல், வரிசையாக இரண்டு இரண்டு புள்ளியாக வைத்துக்கொண்டே போனாள். அந்த மூன்று வருஷத்தில் அவர்கள் அப்படிச் சிரித்தது அந்த ஒரு மத்தியானம்தான்.

நாளைக்குச் சொல்லலாம் என்று முதல் நாள் நினைத்தாள். இரண்டாம் நாள், அவர் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். அவர் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அவரே பேசினார்.

"லேத்தைக் குடுத்துடலாம்னு இருக்கேன். பக்கத்துத் தெரு பட்டறைக்காரன் எடுத்துக்கறேன்னான். வெள்ளிக்கிழமை காலைல லாரி வரும்."

அவள் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று தளர்ந்து இறங்கியது. அது என்ன என்று புரிந்தபோது தன்மேல் அவளுக்கே அருவருப்பாக இருந்தது. அது நிம்மதி. இரண்டு வருஷமாக, இரும்பைக் கவ்விப் பிடிக்கிற சக் சுற்றுகிற வேகத்தில் அவர் சட்டைக் கை எப்போது மாட்டுமோ என்று மேஜையில் உட்கார்ந்து நோட்டுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே இருந்தவள் அவள். வேண்டாம், விட்டுவிடுங்கள் என்று ஒருநாளும் சொல்ல முடிந்ததில்லை. இப்போது சொல்லாமலே நடக்கிறது. பேசாமல் இருந்தால் போதும். அவர் கை முழுசாக இருக்கும். அந்தக் கையின்மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை மட்டும் இருக்காது. பேசினால் அது திரும்பி வரும், லேத்தும் திரும்பி வரும், அவளுடைய பயமும் திரும்பி வரும். இன்னொரு பயமும் இருந்தது: அவர் அவளை எப்படிப் பார்ப்பார் என்பது. புகைக்கு நடுவில் அவர் வைத்திருக்கிற அந்தத் தலை வாராத முகம் என்ன ஆகும் என்பது.

"நல்லா யோசிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"யோசிக்க என்ன இருக்கு? கை பொய் சொல்லாதுன்னு நெனச்சேன். சொல்லிடுச்சு."

அவர் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனார். பஸ்ஸில் தனியாகப் போய், லோடுமேனின் கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தார். என்ன பேசினீர்கள் என்று கேட்டால் "ஒண்ணும் பேசல" என்பார். வியாழக்கிழமை அவருக்குக் காய்ச்சலாக இருந்தது. பழம் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று அவள் போனாள். டப்பா இன்னும் கைப்பைக்குள்தான் இருந்தது. நடக்கும்போது உள்ளே எட்டு டிப்பும் சோழி மாதிரி குலுங்கின.

லோடுமேனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. அகலமான தோள்கள். மூட்டை தூக்கித் தூக்கிக் கழுத்தே இல்லாததுபோல் இருந்தான். அவள் யாரென்று சொன்னதும் எழுந்து உட்காரப் பார்த்தான்.

"வாங்கக்கா. உக்காருங்க, கால்மாட்டுல எடம் நெறைய இருக்கு."

அவள் உட்காரவில்லை. அவன் கட்டிலின் காலியான பக்கத்தைத் தட்டிக் காட்டிச் சிரித்தான். தானே முதலில் சிரித்துவிட்டால் மற்றவர்களுக்குச் சுலபமாக இருக்கும் என்று இந்த எட்டு நாளில் கண்டுபிடித்திருக்கிறான் போலும். அவள் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணன்கிட்ட ஒண்ணு சொல்லணும்க்கா. தெனமும் வர வேணாம்னு சொல்லுங்க. வந்து பேசவும் மாட்டேங்குறாரு. முந்தாநேத்து என் காலைத் தொட்டுப் பாக்கலாமான்னு கேட்டாரு. எதுக்குண்ணேன்னேன். கண்ணு தெரியலப்பா, தொட்டாத்தான் எனக்குத் தெரியும்னாரு."

"தொட்டாரா?"

"தொட்டாரு. கட்டு முடியற எடத்துல வெரலை வச்சு ஒரு சுத்து தடவுனாரு. அப்புறம் போற வரைக்கும் கையைத் தொடச்சுக்கிட்டே இருந்தாரு."

ஜன்னலுக்கு வெளியே யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. அவன் போர்வையின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு மூலைதான் காரணம்னு ஃபிட்டர் சொன்னான். வெரலை வச்சுக் காட்டுனான், இத்துனூண்டு. நெசமாவாக்கா?"

"நெசந்தான்."

"ராத்திரியெல்லாம் அதைத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன். யாரு மேலயாவது கோவப்படணும்ல? மேஸ்திரி மேல பட்டுப் பாத்தேன், அவன் வந்து அழுதுட்டுப் போயிட்டான். அண்ணன் மேல படலாம்னா, கண்ணு தெரியாத மனுசன் மேல எப்படிக்கா படறது?"

"கண்ணு நல்லாத் தெரிஞ்சவங்களா இருந்தா?"

அவன் அவளைப் பார்த்தான். கேள்வியை நிஜமாகவே எடைபோட்டுப் பார்த்தான். "அப்ப திட்டுவேன்," என்றான். "நல்லா, வாய் வலிக்கத் திட்டுவேன். பாத்துச் செய்யத்தானே கண்ணு குடுத்திருக்கு."

மடியிலிருந்த பையை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முதலில் அவரிடம் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் மற்றவர்களிடம், அதுதான் முறை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது முறைதானா, தள்ளிப்போட அவள் கண்டுபிடித்த இன்னொரு வழியா என்று தெரியவில்லை. பழத்தை வைத்துவிட்டு எழுந்தாள். அவன், "தெனமும் வர வேணாம்னு சொல்லுங்க. வாரத்துல ஒரு நாள் வரலாம்," என்று திருத்திச் சொன்னான்.

வெள்ளிக்கிழமை காலையில் டர்னர் லேத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். சுருள் சுருளாகச் சிக்கியிருந்த இரும்பையெல்லாம் பிரஷ்ஷால் தள்ளி எடுத்துவிட்டு, துணியை எண்ணெயில் நனைத்துத் தண்டவாளத்தின் நீளத்துக்கும் இழுத்து இழுத்துத் துடைத்தார். கரண்ட் இணைப்பை இன்னும் பிடுங்கவில்லை. அவள் பையைத் திறந்து டப்பாவை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"இதுதான் அந்த டப்பா. இதுல இருக்கறது பாயின்ட் நாலு. நான்தான் பாக்காம ரெண்டு புள்ளி வச்சிட்டேன். டாக்டர்கிட்ட போயிட்டு வந்தோமே, அன்னிக்கு. நீங்க சரியாத்தான் போட்டிருக்கீங்க. உங்க கை சரியாத்தான் இருந்துச்சு."

அவர் மூடியைத் தடவினார். இரண்டு மேடு. "சரி," என்றார்.

"என்ன சரி?"

"சரிம்மா. சொல்லிட்டேல்ல." டப்பாவை அவளிடமே நீட்டினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கனிவு இருந்தது. மகள் சின்னவளாக இருந்தபோது, கட்டெறும்பை வரைந்து யானை என்று கொண்டுவந்து காட்டினால் வருகிற கனிவு.

"நான் நெஜமாத்தான் சொல்றேன்."

"பன்னெண்டு புஷ் பண்ணினோமே, பம்ப் கம்பெனிக்கு. ரெண்டு கூடக் கேட்டாங்கன்னு சொன்னே. பதினாலு பண்ணினேன். அவங்க பையை எடுக்க வந்தப்போ நீ வாசல்ல நின்னு பன்னெண்டுதான் எண்ணிக் குடுத்தே. எனக்குக் காது கேக்குமில்ல?" துணியை மடித்து லேத்தின்மேல் வைத்தார். "அதுக்கு முன்னாடி ஒரு தடவை, சாப்பிட்டுட்டு வந்து தொட்டுப் பாத்தேன், ஷாஃப்ட் சூடா இருந்துச்சு. எமரி போட்டா அந்தச் சூடு வரும். ரெண்டு வருஷமா எனக்கு வலிக்காம பொய் சொல்லிக்கிட்டு இருக்கே. நான் ஒரு வார்த்தை கேட்டேனா? கேக்கல. எனக்கு அது பிடிச்சிருந்துச்சு. ஆனா இப்ப மட்டும் நீ சொல்றது நெஜம்னு நான் எதை வச்சுக் கண்டுபிடிக்கறது?"

"டப்பாவுல அச்சடிச்சிருக்கு. யாரையாவது கூப்பிட்டுப் படிக்கச் சொல்றேன்."

"நாலுன்னு படிப்பாங்க. அந்தப் புள்ளி நேத்து வச்சதா, நாலு மாசத்துக்கு முன்ன வச்சதான்னு படிப்பாங்களா?"

அவள் மூலையிலிருந்த பால்பவுடர் டப்பாவை எடுத்து வந்தாள். முனை மழுங்கிய டிப்புகளைப் போட்டு வைக்கிற டப்பா. மேஜைமேல் கவிழ்த்தாள். சில்லுகள் நாலாபக்கமும் ஓடின. ஒவ்வொன்றாகப் புரட்டி, முக்கோணங்களை மட்டும் தனியே பிரித்து, கடைசியில் அந்த இரண்டையும் கண்டுபிடித்தாள். இரண்டிலும் இரண்டு இரண்டு புள்ளி. கடைகிற சூட்டில் சிவப்பு வெந்து, காய்ந்த ரத்தத்தின் நிறத்துக்குப் போயிருந்தது. நேற்று வைத்த புள்ளி இப்படி ஆகாது. பார்த்த உடனே யாருக்கும் தெரியும்.

"வெந்து கறுத்திருக்குங்க. பாருங்க," என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னாள் என்று புரிந்தது.

"நீ சொல்றே," என்றார் அவர் மெதுவாக.

அவள் சுவரில் வரிசையாக மாட்டியிருந்த ஹோல்டர்களுக்கு முன்னால் போனாள். எல்லாம் அவள் பார்த்து எடுத்தவை. இடப்பக்கம் கடைவது, மரை வெட்டுவது, சதுர டிப்புக்கு உள்ளது என்று தாண்டி, முக்கோணத்துக்கான வலக்கை ஹோல்டரை எடுத்தாள். வெந்த இரண்டு டிப்பில் ஒன்றின் மூன்றாவது மூலை இன்னும் தொடாமல் இருந்தது. அதை முன்னால் வருமாறு பள்ளத்தில் உட்கார வைத்து, நட்சத்திரச் சாவியால் திருகினாள். அந்த ஹோல்டருக்கென்று அவர் கம்பி சுற்றி வைத்திருந்த தகட்டை அடியில் கொடுத்து இறுக்கினாள். டிப்பின் முனை நடுமையத்தின் உயரத்துக்கு வந்ததா என்று குனிந்து பார்த்தாள். குவியலிலிருந்து ஒரு துண்டுக் கம்பியை எடுத்துச் சக்கில் மாட்டி, சாவியால் இறுக்கினாள். இருபத்திரண்டு வருஷமாக மேஜையிலிருந்து பார்த்ததுதான். ஒரு தடவைகூட அவள் கையால் செய்ததில்லை.

சாவி திரும்புகிற சத்தத்துக்கு அவர் தலை நிமிர்ந்தது. "என்ன பண்றே?"

"அந்த வெந்த டிப்பாலயே ஒரு படி கடையப் போறேன். மூலையை நீங்களே தொட்டுப் பாருங்க."

"வேணாம்."

அவர் ஓரடி முன்னால் வந்து நின்றார். அவரால் அவளைத் தடுக்க முடியும். எங்கே நிற்கிறாள் என்று சரியாகத் தெரியாததால் தடுக்கவில்லை. அல்லது வேறு எதனாலோ.

"சக் சாவியை எடுத்துட்டியா?" என்றார் கடைசியில்.

"எடுத்துட்டேன்."

"நெஜமாவா?"

சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதை மூடிப் பிடித்துக்கொண்டார். "முடியைக் கட்டு. கையை மேல மடிச்சு விடு. கம்மியா எடு, அவசரப்படாதே. சத்தம் மாறுச்சுன்னா உடனே விட்டுடு."

மோட்டார் ஓடியது. டிப் இரும்பைத் தொட்டது. முதலில் கீச்சென்றது, பிறகு சீராகியது. இரும்பு நீலமாகச் சுருண்டு, துண்டு துண்டாக உடைந்து தட்டில் விழுந்தது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று தடவை போய்த் திரும்பினாள். படி இறங்குகிற இடத்தில் நிறுத்தி, டிப்பை வெளிப்பக்கம் இழுத்துவிட்டு மோட்டாரை அணைத்தாள். சக் ஓடிக்கொண்டே இருந்து, மெலிந்து, நின்றது. தெருமுனையில் லாரி பின்னால் வருகிற விட்டுவிட்டு ஒலிக்கும் சத்தம் கேட்டது.

அவள் அவர் கையைப் பிடித்தாள். சாவியை வாங்கிக் கீழே வைத்தாள். அந்தக் கட்டைவிரலைக் கொண்டுபோய், இன்னும் சுடுகிற கம்பியின் மூலையில் வைத்தாள்.

அவர் விரலை எடுக்கவில்லை. நகத்தை நிமிர்த்தி மூலைக்குள் நுழைத்தார். இன்னொரு கையால் சக்கைப் பிடித்து மெல்லச் சுற்றினார். மேஜையில், சாக்கின்மேல், உடைந்த ஷாஃப்ட் அப்படியே கிடந்தது. வெளியே லாரி வந்து நின்று, யாரோ கதவைத் தட்டி, "டர்னரே" என்று கூப்பிட்டார்கள். சக் ஒரு முழுச் சுற்று வந்தது. உடைந்த ஷாஃப்டில் உட்கார்ந்ததுபோலவே நகம் மூலைக்குள் உட்கார்ந்திருந்தது, வெளியே வரவில்லை. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு, இன்னொரு சுற்று சுற்ற ஆரம்பித்தார்.